ஐந்து கிணற்று மருந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் கடலூரில் காலரா பரவியபோது புஷ்பமேரிக்குப் பதினாறு வயது. பள்ளியில் தொண்டுக்குப் பேர் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினாள். உற்சாகத்துக்குக் குறைவே இல்லாத பெண்; நிதானம்தான் கொஞ்சம் கம்மி.

சுகாதார இன்ஸ்பெக்டர் ராமாமிர்தம் அவளிடம் ஐந்து பொட்டலம் சிவப்பு மருந்து கொடுத்தார். ஐந்து தெரு, ஐந்து கிணறு, ஒன்றுக்கு ஒரு பொட்டலம். புஷ்பமேரி ஐந்தையும் தன் தெருக் கிணற்றிலேயே கொட்டிவிட்டாள். வீட்டில் தம்பிக்கு இரண்டு வயது. ஒன்று போட்டாலே காக்கும் மருந்து, ஐந்து போட்டால் இன்னும் காக்குமே என்று நினைத்தாள். மற்றத் தெருக்களுக்கு மறுநாள் கேட்டு வாங்கிக்கொண்டால் போயிற்று.

விடிந்து பார்த்தால் தண்ணீர் நாவல்பழச் சாறாக இருந்தது. வாயில் வைக்க முடியவில்லை. பெண்கள் குடத்தோடு குளத்துக்குக் கிளம்பினார்கள். நோயாளிகளின் துணிகளை அலசுவதும் அதே குளத்தில்தான். புஷ்பமேரி அதைப் பார்த்தாள். ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னாள்.

"மிச்ச மருந்தெல்லாம் ஆனித் திருமஞ்சனக் கூட்டத்துக்குன்னு சிதம்பரம் போயிடுச்சும்மா. இனி வர ஒரு வாரம் ஆவும்" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

திரும்பி வந்தபோது அம்மா சிவப்புத் தண்ணீரை இறைத்து இறைத்துச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எறைச்சாத்தான்டி புதுத் தண்ணி ஊறும்."

"கொட்டாதம்மா. அதுல நாலு தெரு மருந்து கெடக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே வழி தெரிந்தது. சிவப்புத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். அம்மா இன்னொரு குடத்தை நிரப்பிக்கொண்டு பின்னால் வந்தாள்.

அந்தத் தெருக் கிணற்றடியில், குடத்தோடு வந்திருந்த கொளஞ்சியம்மாள் வழி மறித்தாள். முந்தின நாள்தான் அவள் கொழுந்தனைக் காலரா கொண்டுபோயிருந்தது.

"உங்க தெரு தண்ணிய எங்க கெணத்துல ஊத்துவியா?"

"இது உங்க பங்குதான்க்கா. எங்க தெருவுக்குன்னு நான்தான் எடுத்துக்கிட்டேன்."

கொளஞ்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் குடத்தை எடுத்தாள். "நீங்க ரெண்டு பேரே சொமந்தா பொழுது சாஞ்சிடும். வாங்க, நானும் வரேன்."

மற்றப் பெண்களும் சேர, மாலைவரை இருபது குடங்கள் ஓயாமல் நடந்தன. ஐந்து கிணற்றிலும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மின்னியது. அதன்பின் அந்த ஐந்து தெருக்களிலும் புதிதாக யாரும் படுக்கவில்லை. பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் அதைச் சொன்னபோது, புஷ்பமேரி நடுத்தெருவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகும் அவள் தொண்டு செய்வதை விடவில்லை. அம்மை குத்த ஆள் வந்தாலும், வெள்ளத்தில் கஞ்சி ஊற்றினாலும் முன்னால் நிற்பவள் அவள்தான்.

"நம்ம தெருவுக்கு எப்ப?" என்று அவள் தெருக்காரர்கள் யாராவது கேட்டால், "அஞ்சாவதா" என்பாள்.

அம்மா மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.