குழாய் காயும் களத்தில் செம்மறிகள்

போன வாரம் நாரணாபுரம் வழியாகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்து நல்ல மழை விழுந்திருந்ததால் சாலையின் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. சீமைக்கருவேல்கூடத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்பதுபோல் இருந்தது. அந்தப் பச்சைக்கு நடுவே, ஒரு பட்டாசு ஆலையின் கம்பி வேலிக்குள் மட்டும் புல் கருகி, பழுப்பாக, சதுரமாகக் கிடந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்த பக்கத்து இருக்கைக்காரர், கேட்காமலே சொன்னார். "களைக்கொல்லி அடிச்சிருக்காக."

ஜன்னல் வழியாக லேசான நெடி வந்தது. எனக்கு வந்த ஞாபகமோ வேறு வாடையைப் பற்றியது. நனைந்த செம்மறி ஆட்டின் வாடை. அதை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். முகராதவர்களுக்கு விளக்கவும் முடியாது. ஈரக் கம்பளியை உப்புத் தண்ணீரில் முக்கி அடுப்படியில் உலர்த்தினால் ஓரளவு கிட்டே வரும்.

பட்டாசு ஆலையில் ஆட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயம். அங்கே அறைக்கும் அறைக்கும் நடுவில் வெற்று நிலம் விட்டுத்தான் கட்ட வேண்டும். ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்குப் போகக்கூடாது. மழை பெய்தால் அந்த வெற்று நிலம் முழுக்கப் புல். தை மாசம் அது காய்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய வெடி வேறு வேண்டாம். ஆகவே தீபாவளி முடிந்து ஆலையைக் கழுவிப் பூட்டியதும், ஆட்டு மந்தையை உள்ளே விட்டு மேய்த்துவிடுவார்கள். ஆலைக்குப் புல் தொல்லை தீரும், ஆட்டுக்கு வயிறு நிறையும். வாசலில் காவலாளி வழக்கம்போல் சோதனை போடுவார். தீப்பெட்டி, பீடி, தொரட்டியின் இரும்பு அரிவாள் எல்லாம் வெளியே. இரும்பு உரசினாலும் பொறி பறக்கும். முன்னே போகும் கிடாயின் கழுத்து மணியைத் தட்டிப் பார்த்து, "இரும்பா பித்தளையா?" என்று கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கிடாய் பதில் சொல்லவில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குச் சிவகாசிச் செய்தியாளன். புதிதாக வாங்கிய பேனா, இரவல் சைக்கிள். ஐப்பசி வந்தால் எனக்கு இரட்டை வேலை. ஒரே மழைக்கு இரண்டு செய்தி எழுத வேண்டும். "தொடர் மழை: மானாவாரி விவசாயிகள் மகிழ்ச்சி" என்று ஒன்று. புரட்டாசியில் புழுதியிலேயே போட்ட மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் அப்போதுதான் முளைவிட்டு நிற்கும். "தொடர் மழை: பட்டாசு உற்பத்தி பாதிப்பு" என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே உறையில் போட்டு மதுரை பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். ஒருநாள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். "தம்பி, உங்க ஊர்ல இன்னைக்குச் சந்தோஷமா, துக்கமா? ஒண்ணு சொல்லுங்க, பக்கத்துல இடமில்ல."

ஆட்டுக்காரர்களுக்கு எந்தத் தலைப்பைப் போடுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மழை பெய்தால்தான் புல். ஆனால் மழை பெய்தால் கரிசல் களியாகிவிடும். அந்தக் களி என் சைக்கிள் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு, கடைசியில் சைக்கிளை நான் தோளில் சுமந்து போன நாள்கள் உண்டு. மனிதனுக்குத் தோள் இருக்கிறது. ஆடு என்ன செய்யும்? குளம்பு இடுக்கில் களி அப்பி, நாள்கணக்கில் ஈரமாகவே நின்று, அங்கே அழுகத் தொடங்கும். போதாததற்குச் சுற்றிலும் விதைத்த காடு. ஒதுங்கி நிற்கவும் மேடு கிடையாது. சரளை மண்ணாக, தண்ணீர் நிற்காமல், புல்லும் உள்ள மேடு என்று பார்த்தால் அது பட்டாசு ஆலைதான்.

நான் சொல்லவரும் வருஷம் தீபாவளி தள்ளி வந்தது. மழை முந்தி வந்தது. வேலம்மாள் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

வேலம்மாள் தாயில்பட்டிப் பக்கம் மந்தை வைத்திருந்தவள். வருஷா வருஷம் ஆலையை மூடிய பிறகு வருகிறவள், அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே மந்தையோடு வந்து வாசலில் நின்றாள். நான் மழைச் செய்திக்காகப் போர்மேன் சுப்புராஜ் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். பாதி ஆடுகள் மூன்று காலில் நின்றன. சில முன்னங்காலை மடக்கி முட்டி போட்டபடியே புல்லைக் கடித்தன. கொஞ்சம் தள்ளி, மொபெட்டை நிறுத்திவிட்டு ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கறிக்கடை வியாபாரி. நடக்காத ஆடு மேய்ச்சலுக்குப் போகாது. மேயாத ஆட்டை வைத்துக் காப்பாற்ற முடியாது. அதுவும் தீபாவளி நெருங்குகிற நேரம். அவருக்கு அவசரமே இல்லை.

"கம்பெனி ஓடும்போது ஆடு உள்ள வரக்கூடாது வேலம்மா. உனக்குத் தெரியாததா?" என்றார் அண்ணாச்சி.

"எங்கன ஓடுது? அம்புட்டுப் பேரும் உக்காந்துல்ல இருக்கீக."

அது உண்மைதான். வெயில் இல்லாமல் ஆலை ஓடாது. உள்ளே பெண்கள் காகிதக் குழாய்களைச் சுற்றி ஒட்டிவிட்டு, காயவைக்க வழியில்லாமல் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் போனால் பூசணம் பூத்துவிடும். ஆர்டர் கொடுத்தவர்கள் லாரியோடு வந்து நின்றார்கள். அண்ணாச்சி மணிக்கொரு தரம் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக் கிடந்தார்.

"எல்லாம் சினை ஆடுக அண்ணாச்சி. காலு மட்டும் தேறிட்டா நான் ஓட்டிட்டுப் போயிருவேன். அவரைப் பாத்தீகளா? கருமாதி வீட்டுக்கு வந்தவரு கணக்கா நிக்காரு."

வியாபாரி காதில் விழுந்தும் விழாததுபோல் வெற்றிலையைத் துப்பினார். "நான் மழைக்கு ஒதுங்கி நிக்கேன் தாயி."

 அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். மயில்துத்தம், அந்த நீல உப்பு. குழாய் ஒட்டும் மைதாப் பசையை எலியும் பூச்சியும் தின்றுவிடாமல் இருக்க அதைக் கொஞ்சம் கலப்பார்கள். குளம்பு அழுகலுக்கும் அதே துத்தம்தான் வைத்தியம். தண்ணீரில் கரைத்து, அதில் ஆட்டை நடக்கவிட வேண்டும். ஆனால் நடந்த பிறகு கால் நன்றாகக் காயும்வரை உலர்ந்த தரையில் நிற்க வேண்டும். உலர்ந்த தரைக்கு எங்கே போவது?

குழாய் காயவைக்கும் களம் வாசலை ஒட்டியே இருந்தது. வெடிமருந்து வேலை நடக்கும் அறைகள் அங்கிருந்து வெகுதூரம். உயரமான சிமெண்டுத் தரை. மழை விட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். வெயில் இல்லாததால் சும்மாதான் கிடந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், வேலம்மாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இதைப் பேப்பர்ல போட்டுறாதீக" என்றார்.

அச்சங்குளத்துப் பேச்சியக்கா பசைக் கூடத்திலிருந்து வந்து உதவினார். பழைய தார்ப்பாயைக் குழிவாக விரித்து, சுற்றி மணல் மூட்டை வைத்து, நீலத் தண்ணீரை நிரப்பினார்கள். வேலம்மாள் முதலில் மந்தையை நல்ல தண்ணீர் குடிக்க வைத்தாள். தாகத்தோடு விட்டால் நீலத்தையே குடித்துச் செத்துப்போகும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். ஆடுகள் வரிசையாக நீலக்கால்களோடு களத்தில் ஏறி நின்றதைப் பார்க்க, கல்யாணத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தவைபோல் இருந்தது. தரையைப் பழைய சாக்கால் துடைத்துக் கொடுத்தவர் அண்ணாச்சியேதான். அதை அவர் பிறகு மறுத்தார்.

கடைசி ஆடு ஏறியதும் சுள்ளென்று வெயில் அடித்தது.

பட்டாசு ஆலையில் வெயில் வந்தால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கால் தானாக ஓடும். கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் தலையில் தட்டுகளோடு ஓடிவந்தார்கள். களத்து ஓரத்தில் வந்து அப்படியே நின்றார்கள். களம் நிறையச் செம்மறி.

"வேலம்மா, ஓட்டிரு," என்றார் அண்ணாச்சி.

"ஈரக்காலோட களியில இறக்குனா அம்புட்டும் வீண் அண்ணாச்சி. அதுக்கு நேரா அந்த மொபெட்ல ஏத்திரலாம்."

"என் குழாயி?"

"உங்க குழாயி நடந்தா போகப்போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. வானத்தின் மேற்கு மூலையில் அடுத்த மேகம் திரண்டுகொண்டிருந்தது. அந்த வெயில் இருவருக்குமே வேண்டியிருந்தது, களமோ ஒன்றுதான். அண்ணாச்சி வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போனார் என்பது தெரியவில்லை. அதற்குள் பேச்சியக்கா தட்டை இறக்கிவைத்துவிட்டு, களத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் ஆடு. அந்தப் பக்கம் குழாயி. வேலிக்கு ஆளு வேணும், வாங்கடி."

பத்துப் பன்னிரண்டு பேர் முதுகை ஆட்டுக்குக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் குழாய்கள் நெருக்கிப் பரப்பப்பட்டன. மறுபக்கம் ஆடுகள் நெருக்கிக்கொண்டு ஆவி பறக்க நின்றன. அந்த வாடையைத்தான் சொன்னேன்.

கிடாய் மட்டும் ஒரு தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி ஒரு குழாயைக் கவ்விவிட்டது. மைதாப் பசை என்றால் ஆட்டுக்குப் பலகாரம். ஆனால் பசையில் துத்தம் இருக்கிறதே. வேலம்மாள் பாய்ந்து வந்து மணிக்கட்டு வரை கையை அதன் வாய்க்குள் விட்டு, காகிதக் கூழைத் தோண்டி எடுத்தாள்.

"ஏலே, திரி ஒண்ணுதான் பாக்கி," என்றார் பேச்சியக்கா. "தீபாவளிக்கு நீயே வெடிச்சிருவ." அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும்.

மேகம் வந்து மூடுவதற்குள் குழாய் முக்கால்வாசி காய்ந்தது. ஆட்டின் காலும் ஏறக்குறைய அப்படித்தான். மந்தையைச் சரளை மேட்டு ஓரமாகவே, வேலியின் உட்பக்கம் நிறுத்திக்கொள்ள அண்ணாச்சி சொல்லிவிட்டார். கம்பெனி ஓடும்போது ஆடு உள்ளே வரக்கூடாது என்ற விதியைப் பற்றி அதன் பிறகு அவர் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வெயிலுக்கு இன்னொரு தரம் துத்தம். எல்லாம் தேறவில்லை. நான்கைந்து ஆடுகளை வியாபாரி கொண்டுபோனார். மற்றவை தீபாவளிக்கு முதல் நாள் நான்கு காலிலும் நின்று மேய்ந்தன.

களத்தைப் பங்கிட்ட அன்று மாலை நான் வழக்கம்போல் இரண்டு செய்தி அனுப்பினேன். மகிழ்ச்சி ஒன்று, பாதிப்பு ஒன்று. அண்ணாச்சி கேட்டுக்கொண்டபடி மூன்றாவதை எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பக்கத்தில் இடம் இருந்திருக்காது.

பேருந்தை விட்டு இறங்கியதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். களத்துக்கு மேல் இப்போது கூரை போட்டுவிட்டார்களாம். குழாய் வெளியூரிலிருந்து காய்ந்தே வருகிறதாம். புல்லுக்கு மருந்தடிக்க ஒரு ஆள் வருகிறான், ஒரே நாளில் வேலை முடிந்துவிடுகிறது. மழை பெய்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்றார்.

"வேலம்மா?" என்று கேட்டேன்.

மேய்ச்சல் காடெல்லாம் பிளாட்டுக் கல் நட்ட பிறகு மந்தையைக் கொடுத்துவிட்டாளாம். கறிக்கடைக்கு இல்லை, கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஆட்டுக்காரருக்கு. வாங்கியவர் ஏற்றிப்போக லாரியோடு வந்திருக்கிறார். அவள் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மந்தையை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரமும் கூடவே போய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எதுக்கு வேலம்மா இந்தப் பாடுன்னு கேட்டேன்," என்றார் அண்ணாச்சி. "என் ஆட்டுக்குக் காலு இருக்கு அண்ணாச்சின்னுட்டா."