ஒரு ராஜாவுக்கு இரண்டு ராணி

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் தோற்றேன். செஸ்ஸில். அதுவும் யாரிடம்? என் மச்சினனிடம்!

திருச்சியில் நடக்கப்போகும் மாவட்டப் போட்டிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஓர் ஆள்தான் போகலாம்; அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் அரியலூர் ஆட்டம். பெரம்பலூரில் என்னை ஜெயிக்க ஆளில்லை. அதனால் நான்தான் போகப்போகிறேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

பொறாமை எனக்குப் புதிதல்ல. பல வருஷமாக சோவியத் நாட்டின் மேல் வயிற்றெரிச்சல். பேப்பரில் அவர்கள் டீமைப் பார்க்கிறீர்கள்தானே? ரஷ்யர், உக்ரைன்காரர், ஆர்மீனியர், லாட்வியாக்காரர்... எந்த மூலையைத் தட்டினாலும் ஒரு கிராண்ட்மாஸ்டர் வருகிறார். ஜார்ஜியாவில் பெண்கள் வேறு வெளுத்துக் கட்டுகிறார்கள். அங்கே டீமில் இடம் கிடைக்காதவர், வேறு நாட்டுக்குப் போனால் முதல் போர்டில் உட்காரலாம். நமக்கோ, இத்தனை கோடிப் பேரில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடையாது. அடுக்குமா இது?

ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு யானை கூடுதல். மச்சினனின் சிப்பாய் ஒன்று கடைசி வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தது. குதிரைக் கட்டம். ஓடட்டுமே! எங்கள் ஊர் வழக்கப்படி, சிப்பாய் எந்தக் காயின் கட்டத்தில் போய் ஏறுகிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். குதிரைதானே வரும் என்று நான் பாட்டுக்கு அவன் ராஜாவை வளைத்துக்கொண்டிருந்தேன்.

சிப்பாய் கடைசிக் கட்டத்தில் ஏறியது. இன்னொரு ராணிக் காய்க்கு எங்கே போவது? அவன் வெட்டுப்பட்ட யானையை எடுத்து அங்கே கவிழ்த்து வைத்தான். "ராணி. செக் மாமா."

"ராணி உசுரோட இருக்கையிலே இன்னொரு ராணி எங்கேருந்துடா வந்தா?"

"இன்டர்நேஷனல் ரூல் மாமா. தெரியாதா ஒங்களுக்கு?"

நடுவராக இருந்த டிரில் மாஸ்டரைப் பார்த்தேன். "திருச்சியிலயும் அதாங்க சார்" என்றார் அந்த மனுஷன். அப்புறம் என்ன? இரண்டு ராணிகளும் சேர்ந்து என் ராஜாவை மூலையில் தள்ளி முடித்துவிட்டார்கள்.

ஜெயங்கொண்டத்தில் உரக்கடை வைத்திருக்கிறான் அவன். புத்தக வேனில் வந்த ரஷ்ய செஸ் புத்தகம் ஒன்றை வாங்கி, மூட்டைகளுக்கு நடுவே போர்டைப் பரப்பி ஆடிப் பார்த்திருக்கிறான். நான் அந்த நாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்துப் பொருமினேன்... அவன் ஆட்டத்தைப் படித்திருக்கிறான். பொறாமைப்படுகிறவனுக்குப் பாடம் படிக்க நேரம் ஏது?

வீட்டில் என் மனைவிக்கு ஒரே பூரிப்பு. தம்பிக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். "தோத்தா என்னங்க இப்ப? வெளியாள்கிட்டயா தோத்தீங்க?"

அதுதானே கொடுமை! ரஷ்யாக்காரன் எவனும் என் வீட்டில், என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கென்று வைத்த ஈரலைக் கேட்டு வாங்கித் தின்பதில்லை.