கைநாட்டு வைக்காதவர்

அம்மா செத்தபிறகு வங்கி எங்களோடு மிகவும் அன்பாகிவிட்டது. கதிரை இழுத்துப் போட்டார்கள். பால்தேத்தண்ணி வந்தது. உதவி முகாமையாளர் எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். உயிரோடு இருந்த அம்மாவை அதே மனிதர் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்துத்தான் கதைத்தவர்.

அம்மாவின் பெயர் சீலா. ஊர் அரியாலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். படித்துப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்த ஒரே சொத்து கையெழுத்து. வலப்பக்கம் சரிந்த ஆங்கில எழுத்து. முதலெழுத்து மாங்காய் பறிக்கிற கொக்கத்தடி போல வளைந்து நிற்கும். சந்தைக்குப் போக எழுதித் தருகிற துண்டின் அடியிலும் ஒப்பம் வைப்பார்.

சண்டைக் காலத்தில் அந்தக் கடையில்தான் நிவாரணம் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து, மையில் அமத்தி, பதிவேட்டில் உருட்டுவது அம்மாவின் வேலை. அதை அவர் அன்போடு செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை. "விரலை விடு, விறைக்காதை" என்று அதட்டுவார். வீட்டுக்கு வந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவார். எங்கள் வீட்டில் ஒருவரைத் திட்ட இருந்த மிகக் கேவலமான சொல் கைநாட்டு.

எழுபது தாண்டியதும் அவருக்கு அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு வங்கிக்கு வரத் தொடங்கியது. சிறிய தொகை. நான் மருத்துவமனை இயந்திரங்கள் திருத்துகிறவள். என் சம்பளம் எங்கள் இருவருக்கும் போதும். ஆனால் ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது அம்மா என் காசைப் போடமாட்டார்.

"உன்ரை காசை நீ போடு பிள்ளை. கடவுளுக்கு ஆள் மாறிப்போம்."

போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தை எடுத்தது. புத்தியும் நாக்கும் பழுதாகவில்லை. நாக்கு தப்பியது சொந்தக்காரர் பலருக்கு ஏமாற்றம்.

நடக்கத் தொடங்கியதும், தானே போய்க் காசு எடுக்கவேண்டும் என்றார். வங்கி வாசலில் இருந்த காசு மெசினுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடது கையால் இரகசிய இலக்கத்தை அமத்தினார். நடுங்கிய விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. என்னைத் தொடவிடவில்லை. மூன்றாம் தரமும் பிழைத்தபோது மெசின் வங்கி அட்டையை விழுங்கியது. நான் திருத்துகிற இயந்திரங்கள் நோயாளி தடுமாறினால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். இது மூன்று மொழியிலும் நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

உள்ளே போனோம். புது அட்டைக்குக் கையெழுத்து வேண்டும் என்றார் உதவி முகாமையாளர். அம்மா இடது கையால் வைத்தார். அவர் அதைக் கணினித் திரையில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டார்.

"பழைய கையெழுத்து மாதிரி இல்லையே அம்மா."

"பழைய கையும் இல்லைத் தம்பி."

"அப்பிடியெண்டால் கைநாட்டு வையுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

"ஆருக்குச் சொல்லுறீர்?"

"உங்களுக்குத்தான் அம்மா. எத்தினையோ பேர் வைக்கினம்."

"எத்தினையோ பேரின்ரை விரலை நான் பிடிச்சு வைச்சனான். எனக்கு ஆரும் பிடிக்கத் தேவையில்லை."

அந்த மனிதர் சிரித்தார். வயதானவர்களைக் கண்டால் சிரிக்கச் சொல்லி வங்கிக்காரருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிற சிரிப்பு.

பிறகு பிரதேச செயலகம். அம்மாவுக்குப் பதிலாக நான் காசைப் பெற்றுக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். பயனாளி தன் சம்மதத்தை எழுத்தில் தரவேண்டும். அதில் ஒப்பம் வேண்டும். அந்த ஒப்பம் வங்கியில் இருக்கிற ஒப்பத்தோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் கைநாட்டு. இப்படி ஒரு சுற்றை நான் என் வேலையிடத்தில் போட்டிருந்தால் வேலை போயிருக்கும். இங்கே அதற்குச் சுற்றறிக்கை என்று பெயர் வைத்து, இலக்கமும் கொடுத்திருந்தார்கள்.

மேசையில் இருந்த பெண் இரக்கப்பட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், இன்னொரு வழி இருக்கு. அம்மாவுக்கு யோசிக்கிற தன்மை இல்லையெண்டு டொக்டரிட்டை ஒரு கடிதம் எடுங்கோ. பிறகு அம்மாவின்ரை ஒப்பமே தேவையில்லை."

அம்மா பக்கத்தில்தான் இருந்தார்.

"அப்ப நான் விசரி எண்டால் காசு வரும். விசரி இல்லையெண்டால் விரலைக் காட்டவேணும். நல்லாயிருக்கு பிள்ளை. உங்கடை பெரியவர் எந்தக் கடிதம் குடுத்து உந்தக் கதிரைக்கு வந்தவர்?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் என்று அம்மா சொன்னவர், கண்ணாடி அறைக்குள் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் வில்லியம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எல்லா இடத்திலும் ஆள் தெரியும் என்று சொல்லித் திரிகிறவர். தெரிந்த ஆட்களால் இதுவரை ஒருவருக்கும் ஒரு காரியமும் நடந்ததில்லை. சம்மதப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் இருந்தார்.

"அக்கா, ஒருக்கா விரலை வை. ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாப்பன்."

"உனக்கு எப்பவும் படிச்ச திமிர்."

"ஓம். நீ மூண்டு தரம் சோதினை எடுத்தும் உனக்கு அது வரேல்லை. அதுக்கு நான் என்ன செய்ய?"

மாமா தேத்தண்ணி குடிக்காமல் போனார். படிவத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த வழி, வங்கியில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தையே மாற்றுவது. அம்மா இடது கையைப் பழக்கத் தொடங்கினார். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். முதலில் புழு ஊர்ந்தது போல இருந்தது. பிறகு கொக்கத்தடி வந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் சரிந்து. அழித்தார், எழுதினார். சாப்பாடு ஆறிப்போகும். "என்னம்மா இது" என்று கத்தியிருக்கிறேன். "நீ உன்ரை மெசினைப் பார்" என்பார்.

சமாதான நீதவான் அருளம்பலம் ஐயா வீட்டுக்கே வந்து, அம்மா எழுதுவதைப் பார்த்து, சாட்சி ஒப்பமும் முத்திரையும் வைத்தார். வங்கி அதை வாங்கிக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கொழும்பு யோசித்துக்கொண்டிருந்தது. அதுவரை ஞாயிறுகளில் பை வரும்போது அம்மா அதைத் தொடாமல் அடுத்தவருக்குக் கொடுத்தார். முன்வரிசை வாங்கில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கர்த்தருடைய பிள்ளைகள், பார்க்காமல் இருப்பார்களா?

ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையை இடது கையில் பிடித்தபடி அம்மா சரிந்தார். நான் உயிர் காக்கிற இயந்திரங்கள் திருத்துகிறவள். வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை.

செத்த வீட்டுக்கு முதலில் வந்தவர் மாமா. அழுதார். அழுகை முடிந்ததும் என்னை அறைக்குள் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து அதே படிவம். மற்றப் பையிலிருந்து, சொப்பிங் பையில் சுற்றிய ஊதா மைப் பெட்டி.

"பிள்ளை, இன்னும் சூடு இருக்கு. போன கிழமைத் திகதி போடலாம். அரசாங்கத்துக்கு ஏன் சும்மா விடுவான்? செத்த வீட்டுச் செலவுக்கு ஆகும்."

"ஆர் விரலைப் பிடிக்கிறது மாமா?"

"நான் பிடிக்கிறன். நீ பேப்பரைப் பிடி."

அம்மாவின் வலது கை நெஞ்சில் கிடந்தது. உயிரோடு இருந்தபோதே அசையாத கை. இனி மறுக்கவும் மாட்டாது. மாமா அதை நோக்கிக் குனிந்தார். நான் மைப் பெட்டியை வாங்கித் திறந்தேன். மாமாவின் பெருவிரலைப் பிடித்தேன். அம்மா கடையில் பிடித்த மாதிரியே, அடியிலிருந்து இறுக்கிப் பிடித்து, மையில் நன்றாக அமத்தினேன். பிறகு அவருடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் உருட்டினேன்.

"விறைக்காதைங்கோ" என்றேன்.

அந்த மை சவுக்காரத்துக்குப் போகாது. ஆராதனை முழுக்க மாமா கையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். சேமக்காலையில் குழிக்குள் மண் போடக் கையை வெளியே எடுக்கவேண்டி வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஆராதனை நடத்திய சபை ஐயர் பார்த்தும் பார்க்காதவர் போல ஜெபத்தைத் தொடர்ந்தார்.

பிறகு நான் வங்கிக்குப் போனேன். அம்மாவுக்குப் பிறகு கணக்குக்கு நியமிக்கப்பட்டவர் நீங்கள்தான், மரணச் சான்றிதழும் உங்கள் கையெழுத்தும் போதும் என்றார் உதவி முகாமையாளர். நான் வைத்த கையெழுத்தை எதனோடும் ஒப்பிடவில்லை. அம்மாவின் புதிய கையெழுத்து என்னாயிற்று என்று கேட்டேன்.

"அது கொழும்பிலை இன்னும் பரிசீலனையிலை இருக்கு மிஸ். இனித் தேவையில்லைத்தானே?"

கணக்கை மூடுகிற தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. காலமானவர் கணக்கை இயக்கிய முறை: கையொப்பம், அல்லது பெருவிரல் அடையாளம். பொருந்தாததை வெட்டவும்.

"அதை நான் நிரப்புறன் மிஸ், நீங்கள் விடுங்கோ" என்றார்.

நான் விடவில்லை. பேனையை வாங்கிப் பெருவிரலை வெட்டினேன். ஒரு தரம் வெட்டியது போதவில்லை. திரும்பத் திரும்ப வெட்டினேன். தாள் கிழிந்து, கீழே இருந்த மேசைக் கண்ணாடியில் பேனை கீச்சிட்டது.

"வேறை தாள் தரட்டோ மிஸ்?"

"தேவையில்லை" என்றேன். "இதையே கொழும்புக்கு அனுப்புங்கோ."