எடைக்குப் போட்ட இலைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கிண்டியில் வழக்கமான பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அயர்லாந்திலிருந்து என் மகள் செல்வி கூப்பிட்டாள்.

"நைனா, வண்டி ஓட்டிக்கினு கீறியா?"

"இல்லம்மா, நின்னுக்கினுதான் கீறேன். சொல்லு."

"மொதல்ல டீ கிளாஸைக் கீழ வை. எல்கே ஆன்ட்டி தவறிட்டாங்க. அவங்க தங்கச்சி மெசேஜ் பண்ணாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்களாம்."

கிளாஸைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்த ஞாபகம் இல்லை.

எல்கே மேடம் ஜெர்மனிக்காரர். பெசன்ட் நகரில் நம் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் நான்கு வருடம் தனியாகக் குடியிருந்தார். அந்த நான்கு வருடமும் அவருக்கு வண்டி ஓட்டியவன் நான். நம் குடியிருப்போர் சங்க ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி செயலாளர் சார் கேட்டபோது சிரித்துவிட்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான்; படிப்பு அதோடு திகட்டிவிட்டது. "நாங்கள்லாம் லிஃப்ட்ல குட்மார்னிங் சொன்னதோட சரி. ஊர் ஊரா கூடச் சுத்தினது நீதானே கோதண்டம், நீயே எழுது" என்றார். எழுத்துப் பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள்.

தொழிற்சாலைகளில் புது இயந்திரங்களைப் பொருத்தி, ஓடவிட்டு, சரிபார்த்துக் கொடுப்பது மேடத்தின் வேலை. வாரத்தில் மூன்று நாளாவது ஓரகடம், ஓசூர், கோவை என்று சாலையில்தான் இருப்போம். எவ்வளவு அவசரப் பயணமானாலும் ஓர் இடத்தில் "கோதா, நிறுத்துங்க. இருபது நிமிஷம்" என்பார். இறங்கிப் போய் ஏதாவது ஒரு மரத்தடியில் நிற்பார். திரும்பி வரும்போது கையில் ஓர் இலை இருக்கும். நான் ராசிபலன் படித்து முடித்த செய்தித்தாளுக்குள் அதை மடித்து, ஓரத்தில் பென்சிலால் ஊரும் தேதியும் எழுதி, டிக்கியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில இலைகளை எடுத்து, மை தடவி, வெள்ளைத்தாளில் ஒற்றி அச்செடுப்பார். நரம்பு நரம்பாக விழும். "இவ்ளோ சம்பளம் வாங்கிக்கினு ஆடு மாதிரி தழை பொறுக்குதே இந்தம்மா" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தவன்தான் நான்.

தமிழை என்னிடம்தான் கற்றார். நான் அவரிடம் மரியாதையாகப் பேசியதால் அவருக்கு மரியாதைத் தமிழ் மட்டுமே தெரியும். தெருநாயிடமும் "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். ஒருநாள் மயிலாப்பூரில் ஒரு வீட்டு வாசலில் நந்தியாவட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்த மாமியைக் கூப்பிட்டார். "மாமி, ஒரு இலை குட்பீங்களா? நல்லா கீது."

மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எந்த மகானுபாவன் உனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தான்?"

மேடம் பெருமையோடு வண்டியைக் காட்டினார். நான் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன். மாமி இலையும் கொடுத்து, இரண்டு அதிரசமும் கொடுத்தார். "ஒண்ணு அந்த வாத்தியாருக்கு" என்றார்.

மூன்றாம் வருடம் செல்விக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தேன். அன்று மாலையே அவள் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகாத பெண், தன்னந்தனியாக, கடல் தாண்டி! ஒரு மாதம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பயணச்சீட்டு எடுக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. மேடம் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். ஓட்டுநருக்கு அதைவிடப் பெரிய பண்டிகை ஏது? வண்டியை மேலிருந்து கீழ்வரை கழுவினேன். டிக்கியைத் திறந்தேன். பெட்டி நிறையச் சருகு. உதிர்ந்து கிடந்ததைக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். செய்தித்தாள்களை, உள்ளே மடித்திருந்த இலைகளோடு, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். அந்தக் காசில் பூசணிக்காய் வாங்கி, அவர் வண்டிக்கே திருஷ்டி சுற்றி உடைத்தேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் அமர்க்களம்.

திரும்பி வந்த மேடம் டிக்கியைத் திறந்தார். "கோதா, என் பேப்பர் எங்க?"

"கிளீன் பண்ணிட்டேன் மேடம்!" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். "அது நேத்தே லாரில போய்ட்ச்சிண்ணா" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை மேடம் ஒரு புது நோட்டோடு வந்தார். "ஞாபகம் இருக்கிறதை எழுதலாம். திரும்பி எடுக்கலாம்" என்றார். அவருக்கு இலையின் வடிவம் நினைவிருந்தது, இடம் நினைவில்லை. எனக்கு மரமே நினைவில்லை, ஆனால் நின்ற இடமெல்லாம் என்ன டீக்கடை, வடை எப்படி என்று அத்துப்படி. அவர் இலையை வரைவார். நான் வடையைச் சொல்வேன். இப்படியே எழுபது இடம் தேறியது. இந்த முறை என்னையும் இறங்கச் சொன்னார். என் பாவத்துக்கு நானே கிளை வளைத்தேன். சில மரங்கள் புயலில் போயிருந்தன. அந்தப் பக்கத்தைக் காலியாகவே விட்டார்.

ஒருநாள் ஓரகடம் போகும்போது, "செல்வி எப்ப போறாங்க?" என்று கேட்டார்.

"அனுப்பல மேடம். மொழி தெரியாத ஊர்ல, ஒரு பொம்பளை தனியா இன்னா பண்ணும்?"

கண்ணாடியில் அவரைப் பார்த்த பிறகுதான், யாரிடம் போய் என்ன கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது நிஜம்தான். வேலை மட்டும் இருந்தா முடியாது" என்றார். "முதல் மாசம் எனக்கு ஆபீஸ், வீடு, ரோடு, அவ்வளவுதான். தினம் அழுதேன். திரும்பிப் போக டிக்கெட் பார்த்தேன். அன்னிக்கு கிண்டில நீங்க வண்டிய நிறுத்தினீங்க. இன்ஜின் சூடாயிடுச்சுன்னு சொன்னீங்க."

டீ குடிக்கத் தோன்றினால் நான் சொல்லும் பொய் அது.

"இன்ஜின் சூடாகலை. எனக்குத் தெரியும், நான் மெஷின் இன்ஜினியர்." முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். "நீங்க டீ குடிச்சீங்க. நான் சும்மா நின்னேன். மேல பார்த்தேன், இதயம் மாதிரி இலை. ஒண்ணு எடுத்தேன். அடுத்த நாள் இன்னொரு ஊர், இன்னொரு இலை. அப்புறம் டிக்கெட் பாக்கல. செல்விக்கும் ஒரு இருபது நிமிஷம் கிடைக்கும், கோதா. அவங்க தேடிப்பாங்க."

நான் எடைக்குப் போட்ட கட்டின் அடியில் இருந்த முதல் இலை, என் பொய்யில் கிடைத்த இலை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பும்போது கிண்டியில் நிறுத்தி, அந்தப் பூவரசில் ஒன்றை நானே பறித்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன்.

"இன்னாய்யா, இடுப்புல சாவியக் காணோம்?" என்றாள் என் மனைவி.

"உறுத்துது" என்றேன்.

செல்வியை விமான நிலையத்தில் விட மேடமும் வந்தார். அடுத்த வருடம் மேடமும் தன் ஊருக்கே கிளம்பினார். பூவரச இலையின் அச்சு ஒன்றைச் சட்டம் போட்டு என்னிடம் கொடுத்தார். கீழே பென்சிலால், தமிழில், கோணல் மாணலாக எழுதியிருந்தார்: "கிண்டி. இன்ஜின் சூடு." அது எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செல்வி மாதம் ஒருமுறை கடிதத்தில் ஓர் இலை வைத்து அனுப்புகிறாள். முதல் குளிர்காலத்தில் இலையே இல்லாத ஒரு குச்சி வந்தது. அதையும் வைத்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். செல்வி போனை வைத்த கையோடு, நான் ஏற்றிச் செல்ல வேண்டியவர் கூப்பிட்டார். "எங்கப்பா இருக்க? லேட்டாகுது!"

"இருபது நிமிஷம் ஆகும் சார்."

"வண்டில ஏதாவது பிரச்சினையா?"

"ஆமா சார். இன்ஜின் சூடாயிடுச்சு."

பூவரசை அண்ணாந்து பார்த்தேன். எட்டும் உயரத்தில் பழுப்பில்லாத இலை ஒன்று இருந்தது. பறித்து, அன்றைய பேப்பருக்குள் மடித்து, ஊரும் தேதியும் எழுதினேன். டிக்கிவரை போனவன் திரும்பி வந்து பின்சீட்டின் இடப்பக்கம் வைத்தேன். மேடம் எப்போதும் உட்காரும் இடம் அது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

போய் வாங்க மேடம். மெதுவாகவே ஓட்டுகிறேன்.