நான் போடாத கோடு

நானும் அண்ணனும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும் பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் வகை. செபராங் ஜெயாவில் ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். நான் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து சனிக்கிழமைதோறும் கடற்பாலம் தாண்டிப் போவேன். அண்ணனுக்கு வீடு பக்கத்திலேயே. நினைத்தபோது போய் வேலை செய்வார்.

செய்முறைப் படத்தில் எல்லாம் பொருந்தும். கையில் எடுத்தால் பொருந்தாது. சில போல்ட்டுகளில் மரை இல்லாத பகுதி நீளமாக இருக்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் தகட்டைப் பிடிக்காது. மெல்லிய வாஷர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் சரியாகும், இல்லையென்றால் குட்டை போல்ட் தேட வேண்டும். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்ப்பவள் என்பதால் இந்த நுணுக்க வேலை எனக்குப் பிடித்திருந்தது. சரிபார்த்த ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை சிவப்பு மையால் கோடு இழுப்பேன். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு விழுந்ததை இருவரும் மறுபடி சோதிப்பதில்லை.

இடது இறக்கையில் மாட்டிக்கொண்டோம். இறக்கைத் தண்டின் துளையும் உடற்பகுதியின் துளையும் மயிரிழை விலகி நின்றன. போல்ட் பாதியோடு நின்றது. துளையைப் பெரிதாக்க வேண்டாம், வேறு இணைப்புத் தகடு அனுப்புகிறோம் என்று விற்றவர்கள் எழுதினார்கள். தகடு வந்தபாடில்லை.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது இறக்கை ஏறியிருந்தது. நட்டின் மேல் சிவப்புக் கோடு.

"எப்படிண்ணே?"

"இறக்கைய கொஞ்சம் தூக்கிப் பிடிச்சேன், போல்ட் தானா உக்காந்துருச்சு. உன் மாதிரியே செக் பண்ணிட்டுத்தான் கோடு போட்டேன்."

நம்பினேன். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் அண்ணனின் கைத்திறனைப் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த முறை அந்த இடத்தைத் துடைக்கும்போது போல்ட்டின் தலையைப் பார்த்தேன். விமான போல்ட்டின் தலையில் நட்சத்திர முத்திரை இருக்கும். இது மொட்டையாக இருந்தது. கழற்றினேன். துளை முட்டை வடிவில் இழுபட்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"துளை கொஞ்சம் பெருசாயிருச்சு. அதான் கடையில தடிச்ச போல்ட்டா வாங்கிப் போட்டேன். டைட்டாதான இருக்கு," என்றார் அண்ணன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா? ஒரு தகடுக்கு எவ்வளவு நாள்தான்லா காத்துக்கிட்டு இருக்கிறது?"

"நான் இதுல உக்காந்து பறந்திருப்பேன்ணே."

"நானுந்தான் பறந்திருப்பேன்."

அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். தன் உயிரை அவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். என் கோட்டை எனக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்.

"வேற எங்கயாச்சும் இப்படிப் போட்டீங்களா?"

தரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல."

எது என் கோடு, எது அவருடையது என்று எனக்கும் தெரியவில்லை. எல்லா நட்டையும் கழற்றினேன். வால்பகுதியில் இன்னும் சில மொட்டைத் தலை போல்ட்டுகள் இருந்தன. இறக்கைத் தண்டைப் புதிதாக வரவழைத்தேன். பட்டறைப் பூட்டையும் மாற்றினேன். சாவி திறக்கவில்லை என்று அண்ணன் போன் செய்தார். மாற்றிவிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

போன மாதம் உறவினர் வீட்டு விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பிளேன் எப்போது பறக்கும் என்று யாரோ கேட்டார்கள்.

"நான் எப்பவோ முடிச்சிருப்பேன். இவதான் இழுத்துக்கிட்டு இருக்கா," என்று அண்ணன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.