மச்சானை ஏற்றி இறக்கிய நாற்காலி

சலூன்காரருக்கு வந்தது நரம்பின் மேலுறையை அரிக்கிற வியாதி. டாக்டர் அதற்குச் சொன்ன பெயர் எம்.எஸ். முற்றாமலிருக்க வாரத்துக்கு மூன்று ஊசி, அவரே தொடையில் போட்டுக்கொள்ள வேண்டும். வியாதியைக்கூடப் பொறுத்துக்கொண்டார் மனிதர்; ஊசியைத்தான் பொறுக்க முடியவில்லை. போட்ட மறுநாள் காய்ச்சல், அடித்துப் போட்டது போல் உடம்பு வலி, கை நடுக்கம். நடுங்கும் கைக்கு யார் கழுத்தை நீட்டுவார்கள்?

இரண்டு ஊசியைப் போடாமல் பிரிட்ஜில் தக்காளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"இது என்ன, தக்காளிக்குக் காவலா?"

"கடையை மூடிட்டு ஊசி போட்டுக்கிட்டு உட்காரவா?"

அவள் அவரை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"ஊசிக்கு முன்னாடி இருபது நிமிஷம் காலுக்கு வேலை குடுங்க. மறுநாள் காலையிலயும். சிலருக்குக் காய்ச்சலும் வலியும் குறையுது. உங்களுக்கும் குறையும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

சைக்கிள் மிதித்தால் சாய்ந்து விழுந்தார், நடந்தால் கால் தடுக்கியது. கடையில் காலால் மிதித்து உயர்த்தும் நாற்காலி இருந்தது. கண்ணாடிப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதிக்கலாம். வெறும் நாற்காலி ஏறும், ஆள் கனம் இல்லாமல் இறங்காது. மனைவியின் தம்பி, மச்சானைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மாமா, தலை கூரையில இடிக்கப் போகுது."

"வாயை மூடிட்டு கனமா உட்காரு. அது ஒண்ணுதான் உனக்கு வரும்."

முதல் நாளே ஷட்டரை இறக்கிவிட்டு வீம்புக்கு ஒரு மணி நேரம் மிதித்தார். உடம்பு சூடேறியதும் கண்ணாடியில் மச்சான் இரண்டாகத் தெரிந்தான்.

"ஒருத்தனையே தாங்க முடியல" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உடம்பு சூடாகவே கூடாது என்று அந்த அம்மா போனில் கடிந்துகொண்டார். அதன் பிறகு மின்விசிறி, கழுத்தில் ஈரத்துண்டு, மூச்சு வாங்குவதற்குள் நிறுத்தம்.

மூன்று வாரம் போனது. காய்ச்சல் வரத்தான் செய்தது. ஆனால் கடை திறப்பதற்குள் இறங்கியது. மிதித்ததாலா, மருந்து பழகியதாலா என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை.

ஒரு தடவை ஊசி போட்ட மறுநாள், மச்சான் கன்னத்தில் சோப்பைக் குழைத்துப் பூசினார்.

"போன தடவை வெட்டின தழும்பே இன்னும் போகல, மாமா."

"அப்ப இந்தப் பக்கம் காட்டு."

கத்தி நேராக இறங்கியது. காதோரம் மட்டும் ஒரு பொட்டு ரத்தம்.

"நீ சிரிச்ச. அது என் கணக்குல வராது" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவரே பிரிட்ஜைத் திறந்து ஊசியை எடுத்து வைத்துவிட்டு, மச்சானை நாற்காலிக்குக் கூப்பிட்டார்.