மேடத்துக்குப் பிடிக்காது

தலையணையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கிறாள். தைல வாசனை இன்னும் இருக்கிறது. உறையைக் கழற்றி வாளியில் எறிந்துவிட்டு, வெளுத்த உறை ஒன்றை மாட்டி மறுபடி முகர்கிறாள். பிறகு கட்டிலின் மேல் குனிந்து, வெளிச்சம் படும் பக்கமாகத் தலையைச் சாய்த்து, விரிப்பில் கிடக்கும் முடிகளைப் பொறுக்குகிறாள். நீளமானது மகளுடையது. நரைத்த குட்டை முடி புருஷனுடையது. எல்லாவற்றையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். குப்பைக் கூடையில் போட்டால் வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுமாம்.

அடுத்தது குளியலறையில் இருக்கும் பல் பிரஷ்கள், மகளின் பள்ளிக்கூட ஷூ, ஜன்னல் விளிம்பில் கிடக்கும் சீப்பு, சுவரில் மாட்டிய கல்யாணப் படம். எல்லாம் ஒரு சாக்குக்குள் போகின்றன. கல்யாணப் படம் இருந்த ஆணியில் ஏரிப் படம் ஒன்று ஏறுகிறது. "ஏரியப் பாக்க வர்றவங்களுக்கு வீட்டுக்குள்ளயும் ஒரு ஏரி," என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். வாசலில் கார் ஹாரன் கேட்டதும் அந்தச் சிரிப்பும் சாக்குக்குள் போய்விடுகிறது.

அது அவள் வீடு. அவளும் புருஷனும் சேர்ந்து கட்டியது. இந்த மலையூருக்கு ஏரி பார்க்க வருகிறவர்களுக்கு அதை நாள் வாடகைக்கு விடுகிறாள். வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் கைபேசிச் செயலியில் அந்த வீட்டுப் படத்தின் கீழே 'வீடு முழுவதும் உங்களுக்கே' என்று போட்டிருக்கும். உண்மையில் பின்பக்கத்து அறை ஒன்று மட்டும் அவர்களுக்கு இல்லை. அது சாமான் அறை என்ற பெயரில் பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டுக்கு உள்ளே அவள் புருஷனும் மகளும் இருப்பார்கள்.

வந்து இறங்குகிறவர்களுக்கு அவள் வேலைக்காரி. ஓனர் மேடம் வெளியூரில் இருக்கிறார் என்பாள். அப்படி ஒரு மேடம் உலகத்தில் எங்கும் கிடையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த இல்லாத மேடத்தின் வாயில் போட்டுத்தான் சொல்வாள். "சுவத்துல கால் வைக்காதீங்க சார், மேடத்துக்குப் பிடிக்காது." "பின்பக்கம் போகாதீங்கம்மா, மேடம் சாமான் வச்சுப் பூட்டியிருக்காங்க." "எனக்கென்னங்க, மேடம்தான் ஒரு மாதிரி." யாராவது மிஞ்சினால் கைபேசியைக் காதில் வைத்து, "ஆமாங்க மேடம்... சொல்லிட்டேன் மேடம்... கேக்க மாட்டேங்கறாங்க மேடம்," என்று எதிர்முனையில் ஆளே இல்லாமல் பேசுவாள். சில சமயம் திட்டும் வாங்குவாள். அப்போது முகம் நிஜமாகவே சிறுத்துப்போகும். தெருவில் எங்களுக்கெல்லாம் அவள் பெயர் மேடமக்கா.

நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். "உன் வீடுன்னு தலை நிமிர்ந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"சொன்னேனே சார். என் வீடுங்க, சுவத்துல கிறுக்காதீங்கன்னேன். 'உன் வீடா இருந்தா என்ன, காசு குடுத்திருக்கோம்ல'ன்னாங்க. மேடம்னு சொல்லிப் பாருங்க, மறு நிமிஷம் கால எடுத்துடறாங்க."

இல்லாத ஒருத்தருக்குப் பயந்து நடப்பது மனிதர்களுக்குப் புதிதா என்ன? கண்ணெதிரே நின்று கும்பிடு போடுகிறவளுக்குக் கிடைக்காத மரியாதை, யாரும் பார்த்திராத ஒருத்திக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. மேடமக்கா இதைப் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கண்டுபிடித்தாள்.

அவள் புருஷன் இதே மலைப்பாதையில் சுற்றுலா வேன் ஓட்டியவர். மழைக்கு மண் சரிந்து வேன் உருண்டது. அதன்பிறகு இடுப்புக்குக் கீழே கால்கள் அவர் சொல் கேட்பதில்லை. அன்றைக்கு அவர் லீவு என்று சொல்லிக் கம்பெனி கைகழுவிவிட்டது. லீவில் இருந்த மனுஷன் வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கம்பெனியைக் கேட்பாரில்லை. வீடு ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துத்தான் மூன்று பேர் சாப்பிட வேண்டும்.

முதலில் நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். 'பின்னறையில் வீட்டுக்காரர்கள் இருப்பார்கள்' என்று போட்டாள். ஒரு சீசன் முழுவதும் ஈ ஓட்டினாள். தப்பித் தவறி வந்தவர்களில் ஒருவர் எழுதிவிட்டுப் போனதை அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள்: 'வீடு நல்ல வீடு. உள்ளே ஆட்கள் இருப்பதுதான் குறை. இருமல் சத்தம்.' ஒரு வீட்டுக்குள் மனிதர்கள் இருப்பதைக் குறை என்று எழுத எப்படி ஐயா கை வருகிறது? விரிப்பு வெளுத்திருக்க வேண்டும், வெந்நீர் தயாராக இருக்க வேண்டும், வாசல் கூட்டியிருக்க வேண்டும். கூட்டியவள் மட்டும் மாயமாகிவிட வேண்டும்! ஓய்வெடுக்க மலையேறி வருகிறவர்கள் எதிலிருந்து ஓய்வு கேட்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

வெளிப்பூட்டு புருஷனின் யோசனை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், யாரோ ஒருவர் குளியலறை என்று நினைத்துக் கதவைப் போட்டு இடித்திருக்கிறார். "உள்தாழ் போட்டா ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும். வெளிய பூட்டு தொங்கினா சாமான்னு நெனச்சுக்குவான். நானும் இப்ப சாமான்தானே," என்றாராம். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பூட்டு வாங்கி வந்தாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்பக்கத்து ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்துவிடுவாள். அப்பாவால் அந்த ஜன்னல் ஏற முடியாது.

இந்தப் பூட்டுக்காக நான் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். தீப்பிடித்தால் என்ன செய்வாய்? நீ எங்காவது மயங்கி விழுந்தால் சாவி உன்னோடு போய்விடுமே? "ஒண்ணும் ஆகாது போங்க சார்," என்பாள். சொல்லும்போதே கை கழுத்துக்குப் போகும். ஆட்கள் தங்கியிருக்கும் நாட்களில் அவள் தெருமுனையைத் தாண்டியதில்லை. கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்புவாள்.

சமையல் பின்னால், தகரச் சாய்ப்பின் கீழ் உள்ள ஒற்றை அடுப்பில். குக்கரை ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். குண்டு நடுங்க ஆரம்பித்ததும், விசில் வருவதற்குள் அணைத்துவிடுவாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பற்றவைப்பாள். ஒற்றை வேலைக்காரிக்கு எதற்குக் குக்கர் என்று யாராவது கேட்டுவிட்டால்? "நம்ம வீட்டுச் சாப்பாடு பரீட்சை எழுதற மாதிரிப்பா, பாதியிலயே பேப்பரப் புடுங்கிடறாங்க," என்று மகள் அப்பாவிடம் சொல்வாளாம்.

போன மாதம், கூட்டம் நெரியும் சீசனில், ஒரு கணவனும் மனைவியும் வந்து தங்கினார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் ஏரியிலிருந்து திரும்பியவர்கள் வந்த வேகத்தில் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். நான் படி இறங்கிப் போய்ப் பார்த்தபோது, முன்னறையில் மெத்தை கவிழ்ந்து கிடந்தது. அந்த அம்மாளின் மோதிரத்தைக் காணவில்லை.

"வாஷ்பேசின் மேலதான் வச்சேன்," என்றாள் அந்த அம்மாள்.

"காலையில பெருக்க வந்தது நீதானே?" என்றார் கணவர்.

"ஆமாங்க."

"அப்ப மோதிரத்துக்குக் கால் முளைச்சுதா?"

"தேடுவோங்க. அடியில குழாயக் கழட்டிப் பாத்துட்டேன், அதுல இல்ல. கார்ல பாத்தீங்களா?"

"எங்களுக்கு யோசனை சொல்றியா? புள்ள குட்டி இருக்கா உனக்கு? அது தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, எடுக்கலேன்னு."

"பண்ண மாட்டேங்க."

"ஏன், பயமா?"

"சத்தியம் பண்ணா மோதிரம் வந்துடுமா சார்? தேடினாத்தான் வரும்."

அந்த நேரத்திலும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவருக்கோ அதுவே குற்ற ஒப்புதலாகிவிட்டது. "பாத்தியா, சத்தியம் பண்ண மாட்டாளாம்!" என்று மனைவி பக்கம் திரும்பினார். பிறகு, "உங்க மேடம் நம்பரக் குடு," என்றார்.

மேடமக்காவின் கை கழுத்துச் சாவிக்குப் போனது. "மேடம் இப்ப எடுக்க மாட்டாங்க."

"எடுக்க வேணாம். பின்னாடி ரூமத் தொற. அங்கதான் பதுக்கியிருப்பே."

"அது மேடம் சாமான் சார்."

நான் குறுக்கே போனேன். ஆதாரம் இல்லாமல் ஒருத்தியைத் திருடி என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். "நீங்க யாரு சார் நடுவுல? போலீஸக் கூப்பிடட்டுமா?" என்றார். "தாராளமாகக் கூப்பிடுங்கள்," என்றேன். மேடமக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் சார்," என்று உதடு மட்டும் அசைந்தது. போலீஸ் வந்தாலும் திறக்கப்போவது அதே கதவு. திறந்தால் 'வீடு முழுவதும்' என்பது பொய்யாகிவிடும். ஒரு புகார் போனால் செயலியிலிருந்து வீட்டை எடுத்துவிடுவார்கள். திறக்காவிட்டால் அவள் திருடி.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினால் எழுமே, அது.

"உள்ள ஆள் இருக்கான்!" என்று கத்தினார் கணவர். "கூட்டாளிய உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டா திருடறே?" தோட்டத்துக்கு ஓடிப்போய்ப் பாத்தி ஓரத்துக் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். மேடமக்கா அவருக்கு முன்னால் ஓடிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"ஒதுங்கு."

அவள் ஒதுங்கவில்லை. கல் மேலே போனது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் அந்த ஆளின் முழங்கையைப் பிடித்தேன். உதறினார்.

மேடமக்கா கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியை வெளியே எடுத்தாள். "கல்லக் கீழ போடுங்க சார். நானே தொறக்கறேன். பூட்டு உடைஞ்சா மேடத்துக்குப் பிடிக்காது." அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை.

கதவு திறந்ததும் முதலில் தைல வாசனை வந்தது. அறையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டில். அதில் புருஷன், வாயோடு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் மகள், மடியில் பாடப்புத்தகம், பக்கத்தைத் திருப்பப் போன கை அப்படியே நின்றிருந்தது. சாக்கின் மேல் கல்யாணப் படம் சாய்ந்திருந்தது.

"யாரு இது?" என்றார் கல்லோடு நின்றவர்.

"மேடத்தோட வீட்டுக்காரர். அது மேடத்தோட பொண்ணு."

அவருக்கு விளங்கவில்லை. அவர் மனைவி கல்யாணப் படத்தைப் பார்த்தாள், மேடமக்காவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "அப்ப இது... உங்க வீடாங்க?" என்றாள். அவர்கள் வந்ததிலிருந்து மேடமக்காவிடம் இருவரும் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"வாங்க சார்," என்றார் புருஷன் தலையணையை இறக்கிவிட்டு. "உக்காருங்கன்னு சொல்லத்தான் உள்ள எடம் இல்ல."

கல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் அதைக் காலடியில் வைத்தார். ஏரிப்பக்கமிருந்து குளிர்காற்று ஏறியது. நிற்கும் தோரணை பிடிபடாமல் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார். வலது கை போனதும் முகம் மாறியது. கை உள்ளேயே நின்றுவிட்டது.

மேடமக்கா அதைப் பார்த்துவிட்டாள். "கைய வெளிய எடுங்க சார்."

"ஒண்ணுமில்ல."

"எடுங்க."

அவர் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "போட்ல ஏறும்போது கழண்டு விழுதுன்னு... உங்ககிட்டதானே குடுத்தேன்."

மோதிரம் வெளியே வந்தது. அவர் அதை மனைவியிடம் நீட்டினார். மேடமக்காவிடம் மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது வேறு. "சரி, கெடச்சாச்சு, அத விடு. முழு வீடுன்னு போட்டுட்டு உள்ள ஆள வச்சிருக்கறது மோசடி. நான் இத எழுதாம விடமாட்டேன். எழுதினா அப்புறம் ஒருத்தன் வரமாட்டான் இங்க, தெரியுமில்ல?"

நான் வாயைத் திறந்தேன். மேடமக்கா என்னைக் கையமர்த்தினாள்.

"தெரியும் சார். எழுதுங்க." அவர் காலடியில் கிடந்த கல்லைக் காட்டினாள். "முழுசா எழுதுங்க. கல்லெடுத்ததையும் எழுதுங்க. பாக்கெட்டுல இருந்ததையும் எழுதுங்க."

"வாங்க போலாம்," என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சீசன் நேரம்; வேறெங்கும் இடம் கிடைக்காது. மறுநாள் காலை வரை அவர்கள் இங்கேதான் இருந்தாக வேண்டும். முன்னறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கணவனும் மனைவியும் அடங்கிய குரலில் சண்டை போடுவது கேட்டது. எழுதப்போகிறாரா இல்லையா என்பதுதான் சண்டை.

பின்னறைக் கதவை மேடமக்கா சாத்தவில்லை. மகள் ஜன்னலை விட்டுவிட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, வாசற்படியில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடமக்கா சாய்ப்புக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துக் குக்கரை ஏற்றினாள். வழக்கம்போல் பக்கத்திலேயே நின்றாள். நீராவி சீறத் தொடங்கியது. குண்டு நடுங்கியது. அவள் கை தன் போக்கில் அடுப்பை அணைக்க நீண்டது. விரல் குமிழைத் தொட்டது; திருப்பவில்லை.

விசில் அடித்தது. முன்னறையில் பேச்சு சட்டென்று நின்றது. அவள் விரலை எடுத்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், அடுத்த விசிலுக்காக நின்றாள்.